பன்னிரண்டு வெள்ளி தள்ளுபடி

லோரோங் கூலிட் ஞாயிறு சந்தையில்
நீலக் கித்தான் மேல் கிடந்தது அது.
பக்கத்தில் மூன்று சார்ஜர், ஓர் இஸ்திரிப் பெட்டி,
இடது காலுக்கு மட்டும் ஒரு பூட்ஸ்,
தூண்டில் முட்கள் துருவேறிக் கிடக்கும் மைலோ டப்பா.

ரீலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது,
கோயில் வாசலில் தன் செருப்பை
வேறொருவன் காலில் பார்த்தவனுக்குத்
தெரிவதுபோல.

மூன்று வாரத்துக்கு முன்
மோட்டார் கூடையில் வைத்துவிட்டு
மீ கோரெங் கட்டப் போனேன்.
உறைப்புக் குறைவாகப் போடுங்கள் என்றேன்.
அந்த ஒரு வாக்கியத்துக்குள் போய்விட்டது.

கைப்பிடி கழன்ற வருடம்
நாகேஸ்வரியின் தையல் மெஷினில்
கேட்காமல் கழற்றி
நான் மாட்டிய திருகாணி
இன்னும் அங்கேயே இருந்தது,
தலை பெருத்து, பளபளத்து,
கறுப்புச் சட்டையில் தைத்த வெள்ளைப் பொத்தான் மாதிரி.

தியாம் ஹோக் எண்பது என்றார்.

'என்னுடையது' என்ற சொல்
தொண்டைவரை வந்தது.
வந்து, யோசித்தது.
வேண்டியவன் என்று தெரிந்த பிறகு
எந்த வியாபாரி விலை இறங்குவார்?
போலீஸ் நிலையம் போனால் ஞாயிறே போய்விடும்,
பதினொன்றரைக்குக் கடல் ஏறுகிறது.
அவரும் யாரிடமோ காசு கொடுத்து வாங்கியதுதானே.
இப்படி நினைத்தது இரக்கமா
இல்லை அறுபதுக்குள் முடித்துவிடலாம் என்ற கணக்கா,
எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

முதன்முதலாகப் பார்ப்பவன்போல் எடுத்தேன்.
சுற்றினேன். உதட்டைப் பிதுக்கினேன்.
இது என்ன திருகாணி என்று கேட்டேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.
யாரோ ஒரு முட்டாள், என்றார் மலாயில்,
எதிலிருந்தோ பிடுங்கி இதில் மாட்டியிருக்கிறான்.
ஆமாம் என்றேன்.
தேவைக்கு மேலேயே தலையாட்டினேன்.

அந்த முட்டாள் கணக்கில்
பன்னிரண்டு வெள்ளி குறைத்தார்.

தங்கூசும் பழசாக இருக்குமே என்று இழுத்தேன்.
"தாலி பாரு" என்றார்.
அவர் சொன்னது கயிறு புதுசு என்று.
தமிழ்க் காதில் அது விழுந்த விதமே வேறு;
ஒரு கணம் நாகேஸ்வரி
பின்னால் நிற்கிறாளோ எனத் திரும்பிவிட்டேன்.

பார்த்தேன். புதுசுதான்.
மூன்று இடத்தில் ஒட்டுப்போட்ட என் மஞ்சள் தங்கூசு இல்லை,
பச்சைப் பின்னல் நூல், இறுக்கமாக, வரிசை பிசகாமல்.
கோப்பிக் காசு என்று மூன்றைத் தள்ளி
அறுபத்தைந்தில் நின்றோம்.
என் பொருளை எனக்கே
நெகிழிப்பையில் போட்டுத் தந்தார்.

ஜெலுத்தோங் கரையில் உட்கார்ந்து சுற்றினேன்.
மணல் அரைக்கிற சத்தம் இல்லை.
எடுத்தவன் முழுவதும் பிரித்து,
கழுவி, கிரீஸ் வைத்து, திரும்பப் பூட்டியிருக்கிறான்.
ஏழு வருடம் நான் நாளைக்கு நாளைக்கு என்ற வேலை.
திருகாணியை மட்டும் விட்டுவிட்டான்.
வேறு தேடியிருப்பான்.
பொருந்தியது அதுதான் போலிருக்கிறது.

முள்ளுக்கு மேலே அவன் போட்ட முடிச்சு.
அறுத்துவிட்டு என்னுடையதைப் போட
கத்தியை எடுத்தேன்.
என் முடிச்சு எப்போதும்
நசுங்கிய ஈ மாதிரி இருக்கும்.
இது நெல்மணி மாதிரி.
கத்தி பெட்டிக்குள் போனது.

இரண்டு கெளுத்தி. பிறகு ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை.
பிறகு அடியில் யாரோ கதவைச் சாத்தியதுபோல் ஓர் இழுப்பு.
திருக்கை.
முடிச்சு அசையவில்லை.
நான்தான் பாறையில் வழுக்கி உட்கார்ந்தேன்.
எவனென்று தெரியாத ஒருவனை
ஒரே மூச்சில் வைதேன், மெச்சினேன்;
எது முதலில் வந்தது, நினைவில்லை.

வீட்டில் நாகேஸ்வரி
மீனைப் பார்க்கவில்லை.
திரும்பி வந்த ரீலையும் பார்க்கவில்லை.
விரலால் திருகாணியைத் தொட்டாள்.
ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"இதுக்கு எவ்வளவு கேக்கிறீங்க?"