ஒன்பதாம் எண் தாள்

குழுவின் எழுத்தர் நான்.
பேச்சை எழுதுவேன்; பெருமூச்சை எழுத விதியில்லை.
விண்ட்ஹூக்கில் அன்று மழை வரும்போல் இருட்டி
வராமலே வெளுத்தது.
பொதுக் கணக்குக் குழு, அறை இரண்டு.
பதினொரு நாற்காலி, ஏழு பேர்.

செயலாளர் கையிசெப் கோட்டுப் பொத்தானை
இரண்டு முறை கழற்றி இரண்டு முறை மாட்டினார்.
"கடலோரத் திட்டம், இரண்டாம் கட்டம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள்.
எல்லாம் முடிந்தவை."

"முடிந்தவை என்றால்?"
கேட்டவர் ஹிலேனி ஹமுக்வாயா. ஆளும் கட்சிக்காரர்.
அதனால்தான் அறை சற்றே நிமிர்ந்து உட்கார்ந்தது.

"கூரை, நான்கு சுவர், பூட்டக்கூடிய ஒரு கதவு.
ஒப்பந்தத்தில் ஆறாம் பிரிவு."
"தண்ணீர்?"
"அது வேறு அமைச்சகம்."
"கழிவுநீர்?"
"நகராட்சி."
"சாலை?"
அவர் தமக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்தார்.
அவர் தமக்குப் பின்னால் பார்த்தார்.
அங்கே சுவர் இருந்தது.
நல்ல சுவர். முடிந்த சுவர்.

போன மாதம் நாங்கள் அங்கே போயிருந்தோம்.
முதல் வரிசை வீடுகளில்
மணல் குடியேறிவிட்டது.
மனு எழுதவில்லை, வருமானச் சான்று தரவில்லை,
ஒன்பது வருடம் பட்டியலில் நிற்கவில்லை;
கதவிடுக்கில் நுழைந்து
சமையலறை வரை வந்து
ஜன்னல் உயரத்துக்குச் சாய்ந்து படுத்திருந்தது.

நூற்று எண்பத்தெட்டில் மட்டும் ஆள்.
ஒட்டிலியே. மீன் டப்பா ஆலையில் இரவு வேலை.
கூரை விளிம்பில் நான்கு வாளி வைத்திருந்தாள்.
விடியுமுன் கடலிலிருந்து மூடுபனி வரும்,
தகரத்தில் திரண்டு
சொட்டும்.
அந்தப் பாலையில் ஒரு வண்டு இருக்கிறது,
தலைகீழாய் நின்று முதுகில் பனியை வாங்கி
வாய்வரை வழியவிட்டுக் குடிக்கும்.
"அதற்கு அமைச்சகம் கிடையாது,
அதனால் பிழைத்துக்கொள்கிறது" என்றாள்.
சிரித்தோம். சிரித்தது தப்பு என்று
வண்டியில் ஏறியபின் தோன்றியது.

குழாயைத் திறந்து காட்டினாள்.
குழாய் அப்படியே கையோடு வந்தது.
பின்னால் நான்கு விரல் ஆழத்துக்கு ஓட்டை,
அதற்கப்பால் செங்கல்.
எந்த நீரோடும் உறவில்லாத குழாய்;
பூச்சில் திருகி வைத்த பித்தளைப் பொய்.

அதைத்தான் இப்போது கைப்பையிலிருந்து எடுத்து
மேசைமேல் வைத்தார் ஹிலேனி.
'ணங்' என்றது. அதை நான் எழுதவில்லை.
தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்:
"குழு முன் தாள்கள் மட்டுமே வைக்கலாம்."
"அப்படியானால் இதைத் தாள் என்று பதியுங்கள்.
வீடென்று பதிந்ததைவிட இது பெரிய பொய்யல்ல."

ஏட்டுச் சுரைக்காய் கேள்விப்பட்டிருக்கிறேன்.
ஏட்டில் குழாய் ஏற்றியது அன்றுதான்.

மூன்றாம் கட்ட நிதியை நிறுத்தத் தீர்மானம்.
நான்கு கை உயர்ந்தது.
அப்போதுதான் கையிசெப், ஏறக்குறைய மெதுவாக:
"நிறுத்தலாம். ஆனால்
பிரதான நீர்க்குழாய்க்கான பணமும் அதில்தான் இருக்கிறது."
"தண்ணீர் வேறு அமைச்சகம் என்றீர்களே?"
"தண்ணீர் அவர்களுடையது. பள்ளம் எங்களுடையது."

உயர்ந்த கைகள்
எங்கே இறங்குவதென்று தெரியாமல் நின்றன.
ஹிலேனியின் கைதான் முதலில் இறங்கியது.
நிகழ்ச்சி நிரலைத் திருப்பிப் போட்டு
பின்பக்கம் எழுதினார்: பள்ளத்துக்கு மட்டும் பணம்.
நீர் வந்தபின் செங்கல்.
அடித்தார். மறுபடி எழுதினார்.
நீர் வராவிட்டால்? என்று ஓரத்தில் ஒரு வரி,
அதையும் அடித்தார்.

பதில் பதினான்கு நாளில், எழுத்துமூலம்.
கூட்டம் கலைந்தது.
தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே
குழாய் மட்டும் மிச்சம்.

பதிவேட்டைத் திறந்தேன்.
தாள் எண்: ஒன்பது.
அளித்தவர்: மாண்புமிகு ஹமுக்வாயா.
பக்கங்கள்: என்றொரு கட்டம் இருக்கிறது,
காலியாக விடக்கூடாது.
குழாயைச் சாய்த்தேன்.
என் சுத்தமான மேசையில்
ஒரு கரண்டி மணல்.