எண்ணாமல் விட்டது

கம்பி எண்ணுகிறேன் என்றால்
ஊரில் ஜெயில் என்று நினைப்பார்கள்.
துவாஸில் அதற்குச் சம்பளம்.
பதினாறு எம்எம் எத்தனை, இருபது எம்எம் எத்தனை,
லாரி இறங்கும்போதே வாய் முணுமுணுக்கும்.
அந்தப் பழக்கத்தில்தான் அன்று ராத்திரி
இருளப்பனின் செருப்புச் சத்தத்தை எண்ணினேன்.

கட்டிலிலிருந்து கக்கூஸுக்கு முப்பத்தோரு அடி.
போகும்போது ஓட்டம், வரும்போது இழுவை.
ஒன்பது மணிக்கு நாலு.
பன்னிரண்டுக்குள் பதினொன்று.

குற்றவாளி யாரென்று எல்லாருக்கும் தெரியும்.
விடிகாலை இரண்டுக்கு வெந்த சோறு
ஐந்தரைக்கு லாரி ஏறி,
சைட் வேலியில் பையோடு தொங்கி,
வெயில் அதை இன்னொரு தடவை வேகவைத்து,
பன்னிரண்டரைக்குப் பிரித்தால்
சாம்பாரில் நுரை.
நான் கொட்டினேன்.
அவன் மோந்து பார்த்துவிட்டு
“புளிப்புதான்டா சாம்பாருக்கு அழகு” என்றான்.
கேட்டரிங் காசைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறார்களே,
எப்படிக் கொட்ட மனசு வரும்?

அறையில் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு வைத்தியர்.
“தண்ணி குடுக்காத, குடிச்சாத்தான் போகும்.”
இது ஆசீர்வாதம்.
“ஒரே மாத்திரை, கப்புனு நிக்கும்.”
இது மேல் கட்டில்.
ரஃபிகுல் மட்டும் ஒன்றும் சொல்லாமல்
பெட்டியிலிருந்து உப்புச்சர்க்கரைப் பொட்டலம் எடுத்தான்.
பாட்டிலில் கோடு பார்த்து நீர் ஊற்றிக் கலக்கினான்.
அவன் நாட்டில் சின்னப் பிள்ளைக்கும்
தெரிந்த கணக்காம்.
இருளப்பன் இரண்டு வாய் குடித்து
“கண்ணீர் மாதிரி இருக்கு” என்று தள்ளிவிட்டான்.

மறுநாள் சாயங்காலம் செருப்புச் சத்தம் குறைந்தது.
ஐந்து. மூன்று. அப்புறம் ஒன்று.
நின்றுவிட்டது என்று நானே அறிவித்தேன்.
நின்றது அது இல்லை.
எழுந்து நடக்கும் தெம்பு.

ரஃபிகுல் அவன் புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டான்.
கூடாரம் போல அப்படியே நின்றது தோல்.
கால்சட்டையில் சிவப்பாக ஒரு கோடு.
நெற்றி, மதிய வெயிலில் கிடந்த கம்பி.

கிளினிக்கில் என் கணக்கை ஒப்பித்தேன்,
மணி வாரியாக, பிசகில்லாமல்.
டாக்டர் ஏதோ கேட்டார்.
நர்ஸ் தமிழில் திருப்பினாள்:
“கடைசியா எப்ப ஒன்னுக்குப் போனார்?”

ஆயிரம் கம்பியில் ஒன்று குறைந்தாலும் பிடிப்பவன்,
சுவரைப் பார்த்தேன்.
பின்னால் போனதை எல்லாம் எண்ணினேன்.
முன்னால் வராததை யார் எண்ணினார்கள்?

ஊசி தேடி நரம்பைத் தட்டிக்கொண்டே
அவள் சொன்னது இவ்வளவுதான்:
“பெரும்பாலும் ரெண்டு மூணு நாள்ல தானா நிக்கும்.
குடிக்கிறத மட்டும் நிறுத்தாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா.
ரத்தம் தெரிஞ்சாலோ, காய்ச்சல் ஏறினாலோ,
தலை சுத்தினாலோ, மூத்திரம் நின்னாலோ
விடியட்டும்னு உக்காந்திருக்காதீங்க.
ரத்தத்தோட போகும்போது
அடைக்கிற மாத்திரைய நீங்களா போடாதீங்க.”
மேல் கட்டில்காரன் தந்த மாத்திரை
என் சட்டைப் பையில்தான் இருந்தது.

அவனை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.
நான் லாரியில் திரும்பினேன்.
யாரும் சரியாகத் தூங்கவில்லை.
விடிகாலை மூன்று பத்துக்கு
பன்னிரண்டு போனிலும் ஒரே அதிர்வு.
இருளப்பன்,
ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து, அறைக் குழுவுக்கு:

“ஒன்னுக்குப் போயிட்டேன்டா.”

பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டும் வரை
கைதட்டினோம்.