வகைப்படுத்துக

நிலாவெளி உப்பளத்தில்
மூடை எண்ணித் தரும் துண்டுகளுக்குப்
பின்பக்கம் வெறுமை.
அதில்தான் எழுதிப் பழகுகிறேன்.
மார்கழியில் சாதாரண தரம்.
தனிப்பட்ட பரீட்சார்த்தி, வயது முப்பத்து நான்கு,
விஞ்ஞானத்தில் இரண்டு தரம் சித்தியில்லை.

சோடியத்துக்கு Na. இரும்புக்கு Fe.
ஏன் இப்படி என்று புத்தகத்தில் இல்லை.
ரிஸ்மியாவிடம் கேட்டேன்.
"இதுல என்ன புள்ள,
என்ட மாப்புளைக்கு அடையாள அட்டையில ஒரு பேரு,
கடல்ல ஒரு பேரு,
கடன்காரனுக்கு வேற பேரு.
எதச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புறது அவருதான்."
அன்றைக்கே இருபது மூலகங்களும் மனதில் ஏறிவிட்டன.

வலுவளவு என்பது அணுவின் கைகள்.
கல்சியத்துக்கு இரண்டு, குளோரினுக்கு ஒன்று.
குறுக்கே மாற்றிக் காலடியில் எழுதவேண்டும்: CaCl₂.
அந்தச் சின்ன இரண்டை
நான் எப்போதும் விட்டுவிடுவேன்.
கூலித் துண்டில் ஒரு பூச்சியம் குறைந்தால் மட்டும்
தூரத்திலிருந்தே தெரிகிறது.

தாக்கங்கள் நான்கு வகை.
சீனக்குடாக் காட்டுக்குள்
பழைய எண்ணெய்த் தாங்கிகள் செய்துகொண்டிருப்பது சேர்க்கை:
இரும்பு, ஒட்சிசன், கொஞ்சம் ஈரம்,
அவசரப்படுத்த யாருமில்லாத காலம்.
முருகைக்கல்லைச் சூளையில் சுட்டால் பிரிகை.
போகிற வாயு கண்ணுக்குத் தெரியாது;
கல்தான் கையில் இலேசாகிவிடும்.
இப்போது சுட்டால் பொலிஸ் பிடிக்கும்.
சமன்பாடு மட்டும்
இன்னும் 72ஆம் பக்கத்தில் எரிகிறது.

நீலக் கரைசலில் நாகத்துண்டைப் போடு.
நாகம் உள்ளே போகும், செம்பு வெளியே வரும்,
நீலம் மெல்ல மெல்ல வெளிறும்.
வல்லது வந்தால் மெலிந்தது எழும்பவேண்டும்.
அதற்கொரு தொடர் இருக்கிறது,
மேலிருந்து கீழாக, பாடமாக்கவேண்டும்.
பெயர் ஒற்றை இடப்பெயர்ச்சி.
அடுத்தது இரட்டை இடப்பெயர்ச்சி.

அந்தச் சொல்லில் பென்சில் நின்றது.
தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள் ரிஸ்மியா.
"நாங்க மூணு தரம். அதுக்கென்ன பேரு?"
"நாங்கள் நாலு" என்றேன்.
வகை அத்தோடு முடிந்துவிடுகிறது.
வெள்ளி நைத்திரேற்றில் உப்புக்கரைசலை விட்டால்
துணைகள் மாறி,
தயிர்போல் ஒரு வெண்படிவு அடியில் இறங்குமாம்.
படத்தில் பார்த்திருக்கிறேன்.
புத்தகத்தில் எல்லோருக்கும் போக ஓர் இடம் கிடைக்கிறது.
இரு புறமும் எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது.
மூன்றாம் முறையும் எண்ணினேன்.

பிறகுதான் எங்கள் வேலையைத் தேடினேன்.
கடலைப் பாத்தியில் கட்டி
வெயிலுக்கும் கச்சான் காற்றுக்கும் கொடுத்து
விடிய ஐந்து மணிக்கு வாரிக் குவிப்பது
எந்தத் தாக்கம்?
நான்கிலும் இல்லை.
முன் அத்தியாயத்தில், ஒரே வரியில் இருந்தது:
ஆவியாதல், பௌதிக மாற்றம்.
புதிய பதார்த்தம் எதுவும் உண்டாவதில்லை.

வரப்பில் உட்கார்ந்து அதைச் சத்தமாக வாசித்தேன்.
முன்னால் ஆளுயரத்துக்கு வெள்ளைக் குவியல்,
அதைச் சுற்றி ஏழு பெண்களின் காலடி.
ரிஸ்மியா பாதத்து வெடிப்பைத் திருப்பிக் காட்டி
"இதையும் அந்தப் புத்தகத்துல கேளுங்க" என்றாள்.
லொறி வந்தது. எழும்பிவிட்டோம்.

மார்கழி. பாத்திகளெல்லாம் மழைக்குக் கரைந்து
திரும்பவும் வெறும் தண்ணீர்.
உப்புவெளிப் பள்ளிக்கூடத்தில்
பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே
முழங்கால் இடிக்கும் மேசை.
நான்காம் வினா: பின்வரும் மாற்றங்களை வகைப்படுத்துக.
கடல்நீரிலிருந்து உப்புப் பெறல்.
பௌதிகம் என்றே எழுதினேன்.
புள்ளி வேண்டும்.

அடுத்தது கல்சியம் குளோரைட்டின் சூத்திரம்.
கோட்டுக்குக் கீழே, வலக்கோடியில்,
முதலில் அந்தச் சின்ன இரண்டைப் போட்டேன்.
பிறகு ஆறுதலாக
மற்ற எழுத்துகளைக் கொண்டுவந்து
அதன் பக்கத்தில் நிறுத்தினேன்.