மார்ச் மாதத்துப் பயிற்சிச் செலவு

கொழும்பிலிருந்து கேட்டிருக்கிறார்கள்:
எழுபத்தோராயிரத்து நானூறு ரூபாய்
திரும்பி வந்ததா?
மாத முடிவுக்குள் ஒரு தொகை சொல்லவும்.

பொகவந்தலாவையில் மழை.
ஸ்டோர் ஆபீஸ் தகரத்தில் அது
என்னைவிட வேகமாகக் கூட்டிக்கொண்டிருக்கிறது.

செலவு தெரியும், நானே எழுதியது.
பதினொரு ஆள், மூன்று நாள், முப்பத்து மூன்று பேர்:
நாற்பத்து நாலாயிரத்து ஐந்நூற்று ஐம்பது.
படிப்பிக்க வந்தவருக்கு இருபதாயிரம்.
அவரை ஹட்டனில் ஏற்றி இறக்கிய வேனுக்கு நாலாயிரம்.
பனிஸ், பிளேன்டீ, ஒரு பெட்டி சோக்கு
மிச்சம்.

துரை அன்றைக்கே சொன்னார்:
மெஷின் வாங்கினால் கேரண்டி தருவான்.
இதுகளுக்குப் படிப்பித்தால்
நாளைக்குப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும்.
மெஷினுக்குக் கால் இல்லை.

இனி வரவு.
டிரையர் வாயில் நிற்கிற சிவஞானவதி
முன்பெல்லாம் தூளை விரலில் நசுக்கிப் பார்ப்பாள்.
ஈரமென்றால் ஏச்சு விழும்,
எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் சூடு.
பயம் விறகு தின்றது,
மாதம் ஒன்பது லோட்.
ஏலம் முடிந்து புரோக்கர் எழுதுவார்: கருகல் வாடை.

இப்போது அவளிடம் ஒரு கிண்ணம், சின்னத் தராசு.
நூறு கிராமில் மூன்று கிராம் தண்ணீர்,
போதும், இறக்கு.
விறகு ஏழரை லோட்.
மே மாதத்துக்குப் பிறகு வந்த கடிதங்களில்
'கருகல்' என்ற சொல் இல்லை.
இல்லாத ஒரு சொல்லுக்கு
எவ்வளவு போடுவது?

பயிற்சிக்கே வராத ராத்திரி ஷிப்ட் ஜெபராணி
சுவரில் சோக்கால் இவள் போட்டுவைத்த கட்டத்தைப் பார்த்து
தானாகவே நிறுத்துப் பழகிவிட்டாள்.
அவளுக்கு ஒரு சதம் செலவில்லை.
கொழும்புக்கு இது பிடிக்கும்.
அடிக்கோடிட்டேன்.

ஜூன் ஒன்பதாம் திகதியை
என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

அன்று நல்ல வெயில். இலையில் பனிகூட இல்லை.
கொழுந்து நிறுக்கிற இடத்தில்
ஆளுக்கு இரண்டு கிலோ கழிப்போம், ஈரத்துக்கு.
மழைக்கும் இரண்டு, வெயிலுக்கும் இரண்டு,
நான் பேனா பிடித்த பதினெட்டு வருடமும் இரண்டு.

சிவஞானவதி கிண்ணத்தோடு வந்தாள்.
தங்கச்சியின் சாக்கிலிருந்து ஒரு பிடி எடுத்தாள்.
நிறுத்தாள்.
துணியில் ஒற்றினாள்.
மறுபடி நிறுத்தாள்.
எண் அப்படியே நின்றது.

"ரெண்டு எங்க, கிளாக்கரையா?"

சத்தமில்லை. பின்னால் அறுபது சாக்கு, அறுபது முகம்.
கங்காணி என்னைப் பார்த்தார்,
நான் பேனாவைப் பார்த்தேன்.
அன்றைக்குக் கழிக்கவில்லை.
மறுநாளும்.

இதற்கா படிப்பித்தோம் என்றார் துரை.
இதற்குத்தான்.
முதல் நாள் முதல் பாடமே
'ஈரத்தை ஊகிக்காதே, அள.'
குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது,
அச்சடித்ததும் நாங்கள்தான்.

நாளுக்கு நூற்றியிருபது கிலோ.
இது செலவா? நட்டமா?
எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதற்கு
என் லெட்ஜரில் பத்தி பிரிக்கவில்லை.

இன்னொன்றும் நடக்கிறது, சொன்னால் நம்பமாட்டார்கள்.
எப்படியும் கழிப்பார்கள் என்றிருந்த காலத்தில்
நனைந்த கொழுந்தை யாரும் உதறவில்லை,
எதற்கு உதறவேண்டும்?
இப்போது இந்த மழையிலும்
உதறி உதறிச் சாக்கில் போடுகிறார்கள்.
வாட்டும் தட்டில் இலை
இரண்டு மணி நேரம் முந்தி வாடுகிறது.
அந்த இரண்டுக்குக் கரண்ட் பில் சாட்சி.

கடைசியில் விறகை மட்டும் எழுதினேன்.
விறகுக்கு ரசீது இருக்கிறது.
ஒன்பதாம் திகதியை 'குறிப்பு' என்ற இடத்தில் தொடங்கி,
அடித்து,
மறுபடி எழுதி,
ஒட்டிவிட்டேன் கடிதத்தை.

கதவடியில் சிவஞானவதி.
தலையில் ரெட்டுத் துண்டு, கையில் ஒரு சிட்டு.
சுவரில் கட்டம் அழிந்துபோச்சு, சோக்கு முடிஞ்சுபோச்சு,
புதுசா மூன்று பேர் வந்திருக்காங்க என்றாள்.

கையெழுத்துப் போட்டேன்.
ஒரு பெட்டி.
பயிற்சிச் செலவு, ஜூலை.