எடைமேடைக் கிராணியின் புகார்க் கடிதம்

பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
நகலெடுக்கும் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.
பெயர் தவமணி முனியாண்டி.
செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி, பத்தொன்பது வருடம்.
உங்கள் படிவத்தில் காரணத்துக்கு
இரண்டு வரிதான் விட்டிருக்கிறீர்கள்.
ஆகவே தாளின் பின்பக்கம்.

கோத்தா கினபாலு, காலை ஏழு இருபது.
இரண்டு டிக்கெட், இடம் கிடைத்த சேதி வந்த ராத்திரியே வாங்கியது.
ஒன்று என் மகள் லோஷினிக்கு,
மறுநாள் எட்டு மணிக்குப் பல்கலைக்கழகத்தில் பதிவு.
மற்றது அவளைக் கொண்டுபோய் விடுகிறவளுக்கு.

கவுண்டரில் அவளுக்குப் பதினான்கு சி.
எனக்கு எண் இல்லாத சீட்டு.
கேட்டில் பார்த்துக்கொள்வார்கள், புவான்.
கேட்டில் பார்த்தார்கள்.
பிரட்டில் மண்டோர் கூப்பிடுவதுபோல
தலை நிமிராமல் பேர் கூப்பிட்டார்கள்.
என் பேர் வரவில்லை.

நூற்றெண்பது இருக்கைக்கு
நூற்றெண்பத்தாறு விற்றீர்களாம்.
சிலர் எப்படியும் வரமாட்டார்கள் என்பது கணக்காம்.
அன்று எல்லாரும் வந்துவிட்டோம்.

என் வேலையைச் சொல்கிறேன்.
லோரி குலையோடு ஏறும். ஓர் எடை.
கொட்டிவிட்டு வெறுமையாய் ஏறும். ஓர் எடை.
பெரியதில் சின்னதைக் கழித்தால் பழம்.
இதில் 'எப்படியும்' என்று ஒரு பத்தி கிடையாது.

பொய் சொல்லக்கூடாது, நானும் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.
போன வருடம், காய்ப்பு உச்சத்தில், பாய்லர் நின்ற ராத்திரி
வாசல்வரை பதினோரு லோரி.
கடைசியில் பாக் சமாட், சொந்த நிலம் நாலு ஏக்கர்.
வெட்டின குலை மறுநாள் தாங்காது.
முதலில் கேபினைவிட்டு இறங்கிக் கேட்டேன்:
யாராவது காலையில் வருகிறீர்களா, காத்த கூலி போட்டுத் தருகிறோம்.
இரண்டு பேர் கை தூக்கினார்கள். போதவில்லை.
அப்புறந்தான் அவரிடம் போனேன்.
நேரம், காரணம், கெட்டுப்போகும் பழத்துக்கு யார் பொறுப்பு,
மூன்றையும் சீட்டில் எழுதி முத்திரை குத்தினேன்.
திட்டினார். திட்டட்டும்.
சீட்டு அவர் கையில் இருந்தது.

நீங்கள் யாரையும் கேட்கவில்லை.
வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பையன்
ஓட்டல் அறை தருவார்களா, தந்தால் நான் தங்கிக்கொள்கிறேனே
என்று என்னிடம் கேட்டான்.

மகள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.
போடி, என்றேன்.
அது கோபமா என்று சுற்றி நின்றவர்களுக்குப் புரியவில்லை.
எனக்கும்.

உங்கள் பிள்ளை நூருல் ஒரு வவுச்சர் நீட்டினாள்.
நூறு ரிங்கிட், ஆறு மாதம் செல்லும்,
கையெழுத்துப் போட்டால் வேறெதுவும் கேட்கமாட்டேன் என்று
அடியில் பொடி எழுத்து.
அவளைக் குறை சொல்லவில்லை, கை நடுங்கிற்று அவளுக்கு.
டிரைவரைத் திட்டி என்ன,
பாரம் ஏற்றச் சொன்னவன் ஆபீசில் இருக்கிறான்.
நான் கேட்டது ஒரு தாள்.
ஏற்றவில்லை என்று, காரணத்தோடு, நேரத்தோடு.
சாப்பாடு, படுக்க இடம், அடுத்த விமானம் அல்லது முழுப் பணம்
இவையெல்லாம் சலுகை அல்ல, கடன் என்று
சுவரிலேயே ஒட்டியிருந்தது,
கழிவறைக்குப் போகும் வழியில், குப்பைத்தொட்டிக்கு மேலே.
படம் பிடித்து இணைத்திருக்கிறேன்.

தாள் கிடைக்க மதியம் ஒன்றே கால்.
அடுத்த இடம் மூன்றாம் நாள் என்றீர்கள்.

மறுநாள் அங்கே மண்டபத்தில்
பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கட்டம் இருந்ததாம்.
பக்கத்து நாற்காலியில் ஒரு கடசான் அம்மா
தன் மகனுக்குப் போட்ட பேனாவாலேயே
என் மகளுக்கும் போட்டிருக்கிறார்.
உறவு என்ற இடத்தில் என்ன எழுதினார் என்று கேட்டேன்.
லோஷினி சொல்லவில்லை, போனில் சிரித்தாள்.
உங்கள் படிவத்தில் 'கோரும் தொகை' என்ற இடத்தில்
இதற்கு மட்டும் எண் போடவில்லை.

இணைப்பு: எண் இல்லாத சீட்டு.
நாசி லெமாக் பில், பதினெட்டு ரிங்கிட் தொண்ணூறு.
பகாவ் திரும்பிய வாடகைக் கார் ரசீது.

பி.கு.
என் பெட்டி மகள் பேரில் போட்டது, ஏறிவிட்டது.
இரண்டு புடவை, ரைஸ் குக்கர், எலுமிச்சை ஊறுகாய்.
பத்தொன்பது கிலோ எண்ணூறு.
உங்கள் தராசில் எடை சரியாக இருந்தது.
நான் பார்த்தேன்.