கிளம்பியது 10.52

வரைபடத்தில் அளவுகோல் வைத்தால்
முன்னூற்று இருபது கிலோமீட்டர் சொச்சம்,
சிலேத்தாரிலிருந்து சுபாங்.
அளவுகோலில் யாரும் போவதில்லை.
எழுபத்திரண்டு இருக்கைகளோடு
இரண்டு விசிறி வைத்த விமானம் போகிறது.
அட்டவணையில் ஒரு மணி பத்து நிமிடம்;
காற்றில் இருப்பது ஐம்பதுக்கும் குறைவு.
மீதி நேரம்
ஓடுபாதை ஓரத்துக் கொக்கு நகரும்வரை,
சக்கர நாற்காலி வந்து சேரும்வரை,
கோப்பி ஓ ஒன்று குடித்துவிட்டு வருகிறேன் என்றவர்
வாயைத் துடைத்துக்கொண்டு ஓடி வரும்வரை.

என் வேலை எடை போடுவது.
ஆளுக்கு இத்தனை கிலோ என்று ஏட்டில் இருக்கிறது;
அழுதுகொண்டு ஏறினாலும் அதே கிலோதான்.
பின்பக்கம் கனத்தால் சிலரை முன்னுக்கு மாற்றுவேன்.
ஒருமுறை
வாசலிலிருந்தே சண்டை போட்டுவந்த புருஷன் பெண்டாட்டியைப்
பத்து வரிசை தள்ளிப் பிரித்து வைத்தேன்.
விமானம் சமநிலைக்கு வந்தது.

கதவு மூடியதும் சுபாங்குக்கு ஒரு வரி தட்டுவேன்:
கிளம்பியது 10.52. ஆட்கள் 61.
பிறகு நகம் பார்ப்பேன், நீரிணை பார்ப்பேன்,
அக்கரைப் புகைபோக்கிகளை எண்ணுவேன்.
பன்னிரண்டுக்கு முன்னேபின்னே பதில் வரும்:
இறங்கியது 11.55. லோகேந்திரன்.

ஆறு வருடம். முகம் தெரியாது.
ஒரு நவம்பரில் மட்டும் கூடுதலாக ஒரு சொல் வந்தது: மழை.
இங்கேயும், என்று அனுப்பிவிட்டு
அன்று முழுக்க மேலதிகாரிக்குப் பயந்துகொண்டிருந்தேன்.

இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்.
கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம், அது வசதி.
இப்போது அங்கே மணி என்ன என்று
யாரையும் கேட்கவும் முடியாது.

போன வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தேன்.
102-இல் ஏறி,
லண்டன் பெயர் வைத்த தெருக்களைத் தாண்டி,
வேலைக்கு இறங்கும் அதே நிறுத்தத்தில்
வேறு செருப்போடு இறங்கினேன்.
ஃபைசா என்னைப் பெண், ஒன்று என்று சேர்த்தாள்.
"சும்மாவா போறே?"
"சும்மா."
பின்னால் கனம் என்று நான்காம் வரிசைக்கு மாற்றினாள்.

நீரிணை ஒரு தும்மலுக்குள் முடிந்தது.
அப்புறம் செம்பனை. அப்புறமும் செம்பனை,
எண்ணெய் வைத்து வாரிய தலை மாதிரி.
கடலைப் பொட்டலம் தந்தார்கள்.
பிரிப்பதற்குள் இறங்கப்போகிறோம் என்றார்கள்.
இவ்வளவுதானா?
கீழே இருந்து பார்த்தபோது நீளமாக இருந்ததே.

படியடியில் ஒருவர்:
பச்சைச் சட்டை, காதை மூடிய கவசம், கையில் தாள்.
பெயரட்டை திரும்பிக் கிடந்தது.
"நீங்கள்..." என்றேன்.
விசிறி இன்னும் நிற்கவில்லை.
அவர் கையை நீட்டி மஞ்சள் கோட்டைக் காட்டினார்,
அதன்மேல் நட என்று.

நடந்தேன்.
கண்ணாடிக் கதவருகே திரும்பியபோது
மணிக்கட்டைப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.
ஃபைசாவுக்குப் போயிருக்கும்.
இறங்கியது 11.57.