நிரை

லெத்பிரிட்ஜில் காற்று கிடையாகத்தான் அடிக்கும்.
கதவைத் திறந்தால் முதலில் சாண மணம்,
பிறகுதான் காலை.

டிர்க் ஹோக்ஸ்ட்ரா அனுப்பிய படம் திரையில்:
மேலே ஒரு குறிக்கோள், கீழே ஏழு குறிகாட்டிகள்,
ஒவ்வொன்றுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு.
'நாளொன்றுக்கு எடை ஏற்றம், சராசரி.
ஒன்றரைக் கிலோவுக்கு மேல் பச்சை.'
அம்புக்குறிகள் எல்லாம் லாபம் என்ற பெட்டியில் போய்
முட்டிக்கொண்டு நின்றன,
தண்ணீர்த் தொட்டியைக் கண்டவைபோல.

நான் ஒரு பொத்தானை அழுத்தினேன், அவ்வளவுதான்.
படத்தை வாசித்து அட்டவணைகளை ஈனும் கருவி.
அதை எழுதியதும் நான்தான், இரண்டு பனிக்காலம் இருந்து.
கேள்வி இருந்தால் நிரல் பிறக்கும்.
கேட்கப்படாதது பிறக்காது.
நாற்பது விநாடி. முப்பத்தொரு அட்டவணை.
பட்டி, தீவனம், எடைத்தட்டு, லொறி, விலை;
திறவுகோல்கள் ஒன்றையொன்று சரியாகப் பிடித்திருந்தன.
அன்று எனக்குச் சீனி போடாத தேநீரும் இனித்தது.

மூன்றாம் கிழமை டோரீன் டெயில்ஃபெதர்ஸ் அழைத்தாள்.
பட்டிகளுக்குள் குதிரையில் போய் நோய் பார்ப்பவள்.
அவள் குரலுக்குப் பின்னால் காற்று,
காற்றுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.
யாரோ அல்ல, மாடு.
"இருநூற்றுப் பதினாலாம் பட்டி. காதுவில்லை 7731.
இடது காது தொங்குது. தீவனத்துக்குக் கிட்ட வரேல்ல.
இதை எங்க எழுதுறது?"

தேடினேன்.
பட்டிக்கு ஒரு வரி இருந்தது. மாட்டுக்கு இல்லை.
சராசரி கேட்டவனுக்குத்
தலை எண்ணிக்கை போதும், தலை வேண்டாம்.
பட்டி 214 எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.
பச்சை.
அந்தக் கிழமை அங்கே நான்கு செத்திருந்தன.
மெலிந்தவை செத்தால் சராசரி ஏறும்.
ஏறியிருந்தது.

வவுனியாவில், கணக்குக் கொப்பியில்,
கிடையாகப் போவது நிரை, நெடுக்காக நிற்பது நிரல் என்று
அடிக்கோடு போட்டு எழுதினேன்.
நிரை என்றால் மாட்டு மந்தை என்பது
தமிழ்ப் பாடத்தில் வந்தது, மதியத்துக்குப் பிறகு, தூக்கத்தில்.
வெட்சி சூடிக் கவர்ந்து போவார்கள்,
கரந்தை சூடி மீட்டு வருவார்கள்.
இரண்டு கொப்பியையும் நான் ஒருநாளும்
ஒரே மேசையில் விரித்ததில்லை.

அட்டவணைக்குள் கையால் ஒரு நிரலைச் செருகலாம்தான்.
வெள்ளிக்கிழமை டிர்க் ஏதாவது எல்லையை மாற்றுவான்,
கருவி மறுபடி ஓடும்,
படத்தில் இல்லாததைத் துடைத்துவிட்டுப் போகும்.
அப்படித்தான் அதை எழுதிவைத்திருக்கிறேன், பெருமையோடு.
மீட்பதென்றால் மேலே போகவேண்டும்,
படத்துக்கு. ஹோக்ஸ்ட்ராவிடம்.

"அதனால் எனக்கு என்ன தெரியவரும்?" என்றான்.
நான் காதைப் பற்றிப் பேசவில்லை.
"நோய் கண்டதிலிருந்து மருந்து ஏறும்வரை எத்தனை மணி.
எட்டாவது குறிகாட்டி. இழப்பு குறையும்."
லாபத்தை நோக்கி நானே ஒரு அம்பும் வரைந்துவிட்டேன்.
பன்னிரண்டு மணிக்குள் பச்சை என்றான்,
தொப்பியைத் தேடிக்கொண்டே.

அன்றிரவு மேற்கிலிருந்து சினூக் வந்து
கூரைப் பனியை ஒழுகவிட்டது.
முப்பத்திரண்டாவது அட்டவணை பிறந்தது.
பத்தொன்பதாயிரம் நிரைகள்,
காதுவில்லை எண் மட்டும், மற்றெல்லாம் வெறுமை.
மருந்து நேரத்தை நான் கட்டாயமாக்கவில்லை.
ஏனென்று ஆவணத்தில் எழுதவுமில்லை.

விடிய முதல் பதிவு.
7731. கண்ட நேரம்: பதினொரு நாளுக்கு முந்திய தேதி,
அவளுடைய சட்டைப்பைக் குறிப்பேட்டிலிருந்து.
மருந்து ஏறிய நேரம்: இல்லை.
குறிப்பு: 'போயிட்டுது. ஆனாலும் எழுதுறன்.'

இல்லாததிலிருந்து கழிக்கத் தெரியாமல்
கருவி ஒரு சின்னக் கோடு போட்டுவைத்தது.
பட்டி 214,
முதல் தடவையாக எந்த நிறமும் இல்லாமல்.

ஒன்பது மணிக்கு டிர்க் அழைத்தான்.
"இது என்ன நிறம்?"